மூட்டு ஆபரேஷனில் எது வெற்றி?

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி எழுதும்போது 'வெற்றி சதவீதம்' என்று ஒரு எண்ணைப் போடுகிறீர்கள், எதை வைத்து அதை வெற்றி என்கிறார்கள் என்றும் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். எக்ஸ்ரேயில் மூட்டு சரியாக உட்கார்ந்திருக்கும், புண்ணும் ஆறியிருக்கும். ஆனால் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவால் மாடிப்படி இறங்க முடிகிறதா, ராத்திரி வலியில்லாமல் தூங்குகிறாரா என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2009-லிருந்து இதை ஆபரேஷனுக்கு முன்பு ஒருமுறை, 6 மாதம் கழித்து ஒருமுறை என நோயாளிகளிடமே கேட்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் என்பார்கள், 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண்.

சரி, நோயாளி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதுமா? அதுவும் போதாது. மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஹூஸ்டனில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள், உள்ளே எதுவுமே செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், உண்மையாகவே ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா குழாயை விட்டு மூட்டுக்குள் செய்யும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்களின் வலி இவர்களுடையதைவிடக் குறைந்திருக்கவில்லை!

அதனால் யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்புறம், எத்தனை பேர் படிவத்தைத் திருப்பித் தரவே இல்லை என்பதையும் கேளுங்கள், வலி தீராமல் வேறு டாக்டரிடம் போனவர்கள் அவர்களில் இருக்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி