துக்கம் கேட்க வரும் ஆச்சிமார்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆச்சிமார்களே, ஆயாமார்களே, அப்பத்தாமார்களே,

போன மாதம் காரைக்குடிப் பக்கம், எங்கள் ஊரில், மூன்று மாதப் பிள்ளை ஒன்று தூக்கத்திலேயே போய்விட்டது. பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் தெரியவில்லை. துக்க வீட்டு வளவில், அந்த உள்முற்றத்தில், உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தாயிடம், "படுத்துக்கிட்டே பால் கொடுத்தியா?" என்று கேட்டீர்கள் என எண்ணினேன். ஏழு பேர். தோஷம், மாந்தம் என்றவர்கள் தனி.

மருத்துவர்கள் இதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். ஒரு வயதுக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதத்தில்தான் அதிகம். எல்லாம் அலசியும் காரணம் கிடைக்காவிட்டால் மட்டுமே இந்தப் பெயர்.

தூக்கத்தில் போர்வை முகத்தை மூடினால், விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம். கரியமில வாயு ஏறும்போது மூளைத்தண்டு நம்மை உசுப்பிவிடும், தலையைத் திருப்பிக்கொள்வோம். இப்படி இறந்த பிள்ளைகள் பலருக்கு அந்த உசுப்பல் சரியாக வேலை செய்யவில்லை என்று கருதுகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஹன்னா கின்னி என்ற மருத்துவரின் குழுவினர் அந்தப் பிள்ளைகளின் மூளைத்தண்டைப் பார்த்தபோது, அந்த உசுப்பலுக்கு உதவும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் 26 சதவீதம் குறைவாக இருந்தது. அது 2010இல். சில பிள்ளைகளுக்கு இதயத்துடிப்பின் மின்னோட்டத்திலேயே பிறவிக் கோளாறு. 2022இல் சிட்னியில், இப்படி இறந்த பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். உடனே காரணம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. வெறும் 26 பிள்ளைகளை வைத்துச் சொன்னது, அவ்வளவுக்கு நம்ப வேண்டாம்.

எந்தப் பிள்ளை இப்படிப் போகும் என்று முன்கூட்டியே காட்டும் பரிசோதனை இன்றுவரை கிடையாது. பிறகு பெற்றவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

சரி, நம்மால் ஆவதும் இருக்கிறது. வாயு பிரியும், தலை உருண்டையாக வரும் என்று குப்புறப் போடாதீர்கள். பகலோ இரவோ, மல்லாக்கவே தூங்க வையுங்கள். 1990களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு இந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. தலையணை, முகம் மூடும் துணி, நம் ஊர் வெயிலில் கம்பளிக் குல்லா, எதுவும் வேண்டாம். வீட்டு ஆண்களின் சிகரெட் வாசல் முகப்போடு நிற்கட்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களைக் கேள்வி கேட்க உங்களால்தான் முடியும்.

அப்புறம், அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போவீர்கள். பிள்ளை போனாலும் தாய்க்குப் பால் ஊறுவது உடனே நிற்காது. மார் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு, வெளியே சொல்ல முடியாமல் படுத்திருப்பாள். அதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
அந்த வளவில் உங்களோடு உட்கார்ந்திருந்தவள்