பாலத்தில் நடந்த சனம்

அன்புள்ள மகள்,

பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு பூர்வகுடிச் சபையை ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் சேர்ப்பதா என்ற 2023 வாக்கெடுப்பு தோற்ற அன்று டெலிபோன் கோலில் நீ கோபமாய்க் கேட்டது இன்னும் என்னோடு கிடக்கிறது. "2000ஆம் ஆண்டில் பூர்வகுடிகளோடு நல்லிணக்கம் வேணும் என்று இரண்டரை லட்சம் சனம் சிட்னித் துறைமுகப் பாலத்தில் நடந்தது என்று சொல்லித்தானே அம்மா என்னை வளர்த்தீங்கள். அந்தச் சனமெல்லாம் எங்கே போச்சுது?" லண்டனில் ஆஸ்திரேலியா ஹவுஸ் வரை போய் வரிசையில் நின்று 'ஆம்' என்று போட்டுவிட்டு வந்த பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். அன்று நான் மழுப்பிவிட்டேன். எழுதினால் ஒழுங்காய்ச் சொல்லலாம் போல இருக்கிறது.

அந்த வருடம் நீ சின்னப் பிள்ளை. உனக்கு அதில் நினைவு இருப்பதெல்லாம் நாங்கள் சொன்ன கதைகள்தான், அதுவும் நல்ல பக்கம் மட்டும். சிட்னியில், ஹோம்புஷில் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒலிம்பிக் மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. அது முன்பு ஆடு மாடு வெட்டுகிற அரசாங்கக் கொல்களமும், செங்கல் சூளையும், குப்பை கொட்டிய நிலமும் இருந்த இடம். செங்கல்லுக்கு மண் தோண்டிய குழிக்குள் அழிந்துபோகிற நிலையில் இருந்த ஒரு தவளை இனம் இருக்கக் கண்டு, அங்கே கட்ட இருந்த டென்னிஸ் அரங்கையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். தவளையின் நிறம் பச்சையும் பொன்னும். நாட்டு அணியின் நிறமும் அதுதான். அதற்குத்தான் தப்பியது என்று அப்பா பகிடி விடுவார்.

ஜூலை முதலாம் திகதி ஜிஎஸ்டி வந்தது, பத்து வீதம். உருளைக்கிழங்குக்கு வரி இல்லை, சிப்ஸுக்கு உண்டு. தமிழ்க் கடையில் எதற்கு உண்டு எதற்கு இல்லை என்று வாரக்கணக்காய் வாக்குவாதம். அதை விடு.

பாலத்துக்கு வருகிறேன். பூர்வகுடிப் பிள்ளைகளை அரசாங்கமும் மிஷன்களும் தாய்மாரிடமிருந்து பறித்து வளர்த்த கதை 1997 விசாரணை அறிக்கையில் முழுதாய் வெளிவந்திருந்தது. அந்தப் பிள்ளைகளைத்தான் 'பறிக்கப்பட்ட தலைமுறை' என்பார்கள். பிரதமர் ஜோன் ஹவார்ட் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்க மறுத்தார். முன்னோர் செய்ததற்கு இன்றைய தலைமுறை பொறுப்பில்லை என்பது அவரின் வாதம். 2000 ஏப்ரலில் அவருடைய பூர்வகுடி விவகார அமைச்சர் ஜோன் ஹெரன், பறிக்கப்பட்டவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்து வீதத்துக்கு மேல் இல்லை, ஆகவே அதை ஒரு 'தலைமுறை' என்று சொல்ல ஏலாது என்று எழுதிக் கொடுத்தார். பத்துப் பிள்ளையில் ஒன்றைக் கொண்டுபோனால் தாய் என்ன கணக்கா பார்ப்பாள்? எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

அதே ஏப்ரலில்தான் இலங்கைப் போரில் ஆனையிறவு இராணுவ முகாமும் புலிகளிடம் விழுந்தது. எங்கட வீடுகளில் ரேடியோவும் டெலிபோனும் யாழ்ப்பாணத்தோடேயே கிடந்தன. அதனால் மே 28ஆம் திகதி பாலத்தில் நடக்கப் போகிறோம் என்றபோது அப்பாவின் கூட்டாளிமார் சிரித்தார்கள். எங்கட பாடே பெரும்பாடு, இது வெள்ளைக்காரன் செய்த வேலை, நாங்கள் நேற்று வந்தவர்கள் என்றார்கள். ஹவார்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஊரில் முதுசொம் எடுக்கிறவன் அதிலுள்ள கடனையும் சேர்த்துத்தான் எடுக்க வேணும். குடியுரிமைப் பத்திரத்தை வாங்கினால் பென்ஷனும் மெடிகேரும் எனக்கு, பழைய பழி மட்டும் மற்றவனுக்கு என்று எப்படிப் பிரிக்கிறது?

உன்னைத் தள்ளுவண்டிலில் இருத்திக்கொண்டு வடசிட்னிப் பக்கமிருந்து நடந்தோம். குளிர், காது அறுக்கிற காற்று. மேலே ஒரு விமானம் வானத்தில் 'சொரி' (Sorry) என்று புகையால் எழுதியது. சனம் முழுக்கக் கடந்து முடியக் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் பிடித்தது. பிரதமர் வரவில்லை. அவருடைய நிதியமைச்சர் பீட்டர் கொஸ்டெல்லோ டிசம்பரில் மெல்பர்னில் நடந்தார், அதுவும் பெரிய செய்தியானது.

ஒலிம்பிக் உனக்குத் தெரியும், யூடியூப்பில் எத்தனையோ தரம் பார்த்திருப்பாய். ஜூனில் உலுருப் பாறையிலிருந்து தீபத்தை முதலில் ஏந்தி ஓடியது நோவா பெரிஸ், 1996இல் ஹொக்கியில் தங்கம் வென்ற பூர்வகுடிப் பெண். செப்டம்பர் 15 இரவு தீபத்தை ஏற்றியது கேத்தி ஃப்ரீமன். அந்தக் கொப்பரை நடுவழியில் இறுகி நிற்க, தண்ணீர் வழிய வழிய அந்தப் பிள்ளை அசையாமல் நின்றதே, அதைத்தான் நான் மறக்கவில்லை. 25ஆம் திகதி 400 மீட்டரை 49.11 செக்கனில் ஓடி முடித்துத் தரையில் குந்திவிட்டாள். அரங்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். பேந்து நாட்டுக் கொடி, பூர்வகுடிக் கொடி இரண்டையும் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். 1994இல் கனடாவில் பூர்வகுடிக் கொடியைப் பிடித்து ஓடியதற்கு அணித் தலைவரிடம் ஏச்சு வாங்கியவள் அவள்தான். ஆறு வருடத்தில் அதே கொடிக்கு முழு நாடும் கைதட்டியது. நிறைவு விழாவில் மிட்நைட் ஓயில் குழு 'சொரி' என்று எழுதிய கறுப்பு உடுப்போடு பாட, பிரதமர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நான் சொன்ன கதை. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பாலத்தில் நடந்ததற்கு ஆறேழு மாதம் முன்பு, 1999 நவம்பர் 6ஆம் திகதி, ஒரு வாக்கெடுப்பு நடந்தது. குடியரசு வேணுமா என்று ஒரு கேள்வி, அது தோற்றது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அரசியலமைப்புக்கு ஒரு முன்னுரை சேர்ப்போமா என்று இரண்டாம் கேள்வியும் இருந்தது. பூர்வகுடிகளை இந்த மண்ணின் முதல் மக்கள் என்று மதிக்கிற வரி அதில் இருந்தது. அதற்கும் 60 வீதத்துக்கு மேல் 'இல்லை'. 2023இலும் 60 வீதம் 'இல்லை'.

ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த முன்னுரை ஹவார்ட் மேலிருந்து இறக்கியது, பூர்வகுடித் தலைவர்கள் பலருக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் உன் கேள்விக்கு மறுமொழி அங்கேதான் கிடக்கிறது. பாலத்துச் சனம் எங்கேயும் போகவில்லை, அன்றைக்கு வீட்டில் இருந்த சனத்தை நாங்கள் எண்ணவில்லை. நடக்க வருகிறவர் விரும்பி வருகிறார். இந்த நாட்டில் வாக்குப் போடுவது கட்டாயம், வராதவரும் வரவேணும். அரசியலமைப்பை மாற்ற மொத்த வாக்கில் பாதிக்கு மேல் வேணும், ஆறு மாநிலத்தில் குறைந்தது நாலு மாநிலம் 'ஆம்' சொல்லவேணும். 2023க்கு முன் கேட்ட 44 கேள்வியில் வென்றது எட்டு. 1967இல் பூர்வகுடிகளைப் பற்றிய கேள்விக்கு 90 வீதத்துக்கு மேல் 'ஆம்' கிடைத்ததென்றால், அப்போது எந்தப் பெரிய கட்சியும் எதிர்த்து நிற்கவில்லை. இந்த முறை லிபரலும் நேஷனலும் எதிரணியில் நின்றன. அந்த இடத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நடந்ததில் பலன் இல்லையா என்று கேட்பாய். 2008 பெப்ரவரி 13ஆம் திகதி கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டாரே, அதற்கு வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை, ஒரு பிரதமரின் மனம் போதுமாயிருந்தது. நடை அதற்கு வழி விட்டது என்றே நான் நம்புகிறேன். அரசியலமைப்பை மாற்ற அது காணாது.

அப்பா இதில் என்னோடு ஒத்துவரமாட்டார். சனம் மாறித்தான் போச்சு, 2000இல் இருந்த மனம் இப்ப இல்லை என்பது அவருடைய கட்சி. ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது அவரையே கேள், பின்னேரம் எடு, காலமை அவர் தோட்டத்தில் நிற்பார்.

அன்புடன்,
அம்மா