சோயா மெழுகுவத்தி: விட்டுப்போன சில விஷயங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்வது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். ஆசைப்பட்டு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

சோயா மெழுகு 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்திவிட்டு மூடி போட்டு அணையுங்கள். இந்த வரியைத் தடித்த எழுத்திலேயே போட்டிருக்கலாம்.

வாசனை எண்ணெயைக் குத்துமதிப்பாக ஊற்றுவதும் சரியல்ல. புதிதாகச் செய்பவர்கள் மெழுகின் எடையில் 6 சதவீதத்தில், அதாவது 500 கிராமுக்கு 30 கிராமில், தொடங்கலாம். அளவு மீறினால் மணம் கூடுவதில்லை. எண்ணெய்தான் மேலே வியர்த்து நிற்கும். இரண்டு நிமிடம் மெல்லக் கிளறுங்கள்.

அப்புறம் பொறுமை. இறுகியதுமே ஏற்றிப் பார்த்து, மணமே இல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். ஓரிரு வாரம் மூடி வைத்தால் அதே மெழுகுவத்தி நன்றாக மணக்கும். மேலே வெள்ளை பூத்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அது சோயாவின் இயல்பு. முதல் தடவை ஏற்றும்போது, உருகிய மெழுகு கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தைத் தொடும்வரை எரியவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் குழி விழும்.

திரியைப் பற்றித் தனியாகவே ஒரு குறிப்பு வெளியிடுங்கள். கிண்ணத்தின் அகலத்துக்கு ஏற்ற தடிமன் எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி