பச்சைக்கு எதிர்ச்சொல் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் தமிழ்த் தேர்வில் 'இனிப்பு' என்பதற்கு எதிர்ச்சொல் 'காரம்' என்று எழுதியிருந்தான். தப்பாம், 'கசப்பு' என்பதுதான் விடையாம். விருந்தாளி வந்தால் அரைக் கிலோ இனிப்பும் கால் கிலோ காரமும் வாங்கும் வீட்டுப் பிள்ளை வேறென்ன எழுதுவான்?

சரி, 'பச்சை'க்கு எதிர்ச்சொல் சொல் என்றேன். விழித்தான். அடுப்படியிலிருந்து என் அம்மாதான் கேட்டார்: "எந்தப் பச்சைடா?" பச்சைத் தண்ணீர் என்றால் வெந்நீர். பச்சரிசி என்றால் புழுங்கலரிசி. பச்சை மிளகாய் என்றால் மிளகாய் வற்றல். பச்சைக் குழந்தைக்கு எதிரே நிறுத்த ஒன்றுமே கிடைக்கவில்லை.

இணைச்சொல்லும் இப்படித்தான். இறந்தார், காலமானார், செத்தார் மூன்றுக்கும் பொருள் ஒன்று. தேர்வில் எதைக் குறித்தாலும் மதிப்பெண் உண்டு. துக்க வீட்டு வாசலில் மூன்றாவதைச் சொல்லிப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் ஆங்கில வினாத்தாளில் பாடத்து வாக்கியத்தைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணைச்சொல் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவள் வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. கைடில் உள்ள ஜோடிகள் அவளுக்கு மனப்பாடம். அடிக்கோட்டைப் பார்த்ததும் விடையைக் குறித்துவிடுகிறாள். அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறாள்.

மனப்பாடத்தைக் குறை சொல்லவில்லை. திண்ணைப் பள்ளியில் நிகண்டை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதியை, உருப்போட்டவர்கள்தானே நம் முன்னோர். ஆனால் சூடாமணி நிகண்டு ஒரு பொருளுக்குப் பல பெயர் சொன்னதோடு நிற்காமல், 'ஒருசொல் பல்பொருள்' என்று தனித் தொகுதியே வைத்திருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகளை 1994-லேயே எடுத்துவிட்டார்கள். பட்ட மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் 2011-ல் எடுத்தார்கள். இப்போது அதில் கோடிட்ட இடத்துக்குப் பொருந்தும் சொல்லைக் கேட்கிறார்கள்; வாக்கியம் புரியாமல் விடை வராது.

லட்சக்கணக்கான விடைத்தாள்களில் சொந்த வாக்கியத்தைத் திருத்துவது கஷ்டம்தான். ஆனால் நான்கு சொற்களில் இந்த வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டால் திருத்தும் வேலை துளியும் அதிகமாகாதே. பாடத்தில் இல்லாத வாக்கியமாக இருந்தால் கைடும் உதவாது.

அப்புறம், அந்தக் காரத்துக்கு அரை மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.