இசை கேட்போர் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, இந்த ஆண்டின் கேட்பு அமர்வுகளை டீப் பர்ப்பிள் ராக் குழுவுக்கே ஒதுக்கினோம். யார் யார் எப்போது குழுவில் இருந்தார்கள் என்பதே நம் வரிசை. ரசிகர்கள் ஒவ்வொரு கூட்டணியையும் மார்க் 1, மார்க் 2 என எண்ணிட்டு அழைப்பதால் வேலை எளிதாயிற்று.

1968இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்டில் உருவான முதல் கூட்டணியை ஒரே அமர்வில் முடித்தோம். மார்க் 2 அப்படி முடியவில்லை. 1969இல் பாடகர் ராட் எவன்ஸையும் பேஸ் கலைஞர் நிக் சிம்பரையும் விலக்கி, இயன் கில்லனையும் ரோஜர் குளோவரையும் சேர்த்ததும் குழுவின் ஒலியே மாறியது. ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசித்ததால், ரிச்சி பிளாக்மோரின் கித்தாருக்கு அது ஈடுகொடுத்தது. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோவில் இவர்கள் ஆல்பம் பதிவு செய்யவிருந்த கேசினோ, ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது எரிந்துபோனது. பிறகு காலியாகக் கிடந்த ஓர் ஓட்டலில் கருவிகளை வைத்துப் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். ஏரிமேல் பரவிய அந்தப் புகைதான் இவர்களின் மிகப் பிரபலமான பாட்டான 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன உறுப்பினர்கள் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை.

1973இல் கில்லனும் குளோவரும் விலக, கிளென் ஹியூஸும், துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேலும் வந்தார்கள். 1975இல் பிளாக்மோரும் போய் டாமி போலின் வந்தார். 1976இல் குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போலின் 25 வயதில் இறந்தார்.

நம்மைப் போன்ற சங்கத்தார் கவனிக்க வேண்டியது 1980. ராட் எவன்ஸ் வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே மேடையேறினார். வழக்கு நடந்து, பெருந்தொகை இழப்பீடு கட்டும்படி தீர்ப்பானது. பழைய உறுப்பினர் என்பதால் மட்டும் பெயர் சொந்தமாகிவிடாது.

1984இல் மார்க் 2 மீண்டும் கூடியது. 1989இல் கில்லன் நீக்கப்பட்டு ஜோ லின் டர்னர் பாடிய காலத்துக்கான அமர்வில் நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. கில்லன் திரும்பி வந்த பிறகு, 1993இல் பிளாக்மோர் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே வெளியேறினார். ஜோ சாட்ரியானி தற்காலிகமாகக் கைகொடுத்தார். 1994இல் வந்த ஸ்டீவ் மோர்ஸ் 2022 வரை நீடித்தார்; பிளாக்மோரின் இரு காலங்களைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. இப்போது கித்தார் சைமன் மெக்பிரைடிடம்.

பிளாக்மோர் இல்லாதது டீப் பர்ப்பிளே அல்ல என்று ஒரு சாரார் கடைசிவரை வாதாடினார்கள். என் கணக்கில் பெரிய முறிவு 2002இல் ஜான் லார்ட் விலகியதுதான். அவர் இடத்துக்கு வந்த டான் ஏரி குறை வைக்கவில்லை என்றாலும், ஆர்கன் உறுமும் இடங்களில் ஆள் மாறியது காதுக்குத் தெரிகிறது. எல்லாக் கூட்டணியிலும் இருந்த ஒரே ஆள் டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸ். அவரைப் பற்றி வாதமே எழவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஒலிபெருக்கி பழுதுபார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு கேட்பதற்கான இசைக்குழுவைத் தேர்வு செய்து, இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்