கட்டுரை அனுப்பியவர்களுக்கு: அடிக்குறிப்பைச் சரிபாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். தொகுப்புக்கு வந்த கட்டுரைகளில் பாதியைப் படித்துவிட்டேன். எழுத்து நன்றாகவே இருக்கிறது, அடிக்குறிப்புதான் தலைவலி.

'யாதும் ஊரே' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 'புறநானூறு' என்று மட்டும் போட்டால் போதாது. 'புறம். 192:1' என்று பாட்டெண், அடியெண் இரண்டும் வேண்டும். எந்தப் பதிப்பு என்பதும் நூற்பட்டியலில் இருக்கட்டும். உ.வே.சா. புறநானூற்றை முதலில் அச்சிட்டது 1894இல். நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் மறுபதிப்பு. பக்க எண்ணை மறுபதிப்பில் பார்த்துவிட்டு ஆண்டை மட்டும் 1894 என்று போட்டால், தேடுகிறவர் வேறு பக்கத்தில் போய் நிற்பார். (என் எம்.ஃபில். ஆய்வேட்டில் நானே இந்தக் கூத்தை அடித்திருக்கிறேன்.)

பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியர் உரையை இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தீர்களா? அந்தக் கட்டுரையையும் காட்டுங்கள். மூலத்தையே புரட்டியதுபோல எழுத வேண்டாம்.

அப்புறம், ஒப்புமை (பிறர் எழுத்தோடு நம் எழுத்து ஒத்துப்போகும் அளவு) பற்றிப் பலர் கேட்டீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40ஐத் தாண்டி 60 வரை போனால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் ஆய்வுப் பதிவே ரத்து. முறையாக மூலம் காட்டிய மேற்கோள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் மேற்கோளுக்குப் பயந்து சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு வரியைக் கெடுக்காதீர்கள்.

சாட்ஜிபிடி தந்த நூல் பெயர்களை நூலகப் பட்டியலில் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டுரைகளில், எங்குமே இல்லாத நூல்கள் இருந்தன!

திருத்திய கோப்பு வெள்ளி மாலைக்குள் வேண்டும். வேர்டில் அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம்.