ஹெலன் கிப்சனுக்குப் பரிதாபம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஊமைப்படக் காலத்துச் சாகச நாயகிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்தப் பெண்களைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஹெலன் கிப்சனைப் பற்றிய பகுதியைப் படித்து முடித்தபோது மனசு ஒப்பவில்லை. கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்தவர் கடைசியில் எக்ஸ்ட்ராவாக அலையும்படி ஆகிவிட்டதே என்று கட்டுரையாளர் இரக்கப்பட்டு முடித்திருக்கிறார். அந்த இரக்கம்தான் எனக்கு இடிக்கிறது.

அவர் எங்கே ஆரம்பித்தார் என்று பாருங்கள். 1892ல் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தவர், பெற்றவர்கள் வைத்த பெயர் ரோஸ் வெங்கர். 1909ல் ஊருக்கு வந்த குதிரைச் சாகசக் காட்சியைப் பார்த்துவிட்டு, பெண் சவாரிக்காரர்கள் தேவை என்ற விளம்பரத்துக்கு எழுதிப்போட்டு, மில்லர் சகோதரர்களின் 101 ராஞ்ச் குழுவில் சேர்ந்துவிட்டார். பாய்ந்து ஓடும் குதிரையில் இருந்தபடியே சரிந்து தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுப்பது வரை அங்கேதான் கற்றுக்கொண்டார். 1911ல் அந்தக் குழு கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற ஊரில் ஆட்டத்தை முடித்தபோது, படத் தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் குழுவை அப்படியே குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுத்தார். தினமும் 5 மைல் குதிரையில் போய் டோபாங்கா பள்ளத்தாக்கில் நடிக்க வேண்டும், இவருக்கு வாரம் 8 டாலர் சம்பளம். அதாவது சினிமாவுக்குள் அவர் வந்ததே சவாரிக்காரியாக, எக்ஸ்ட்ராவாகத்தான்.

அப்புறம்தான் 'ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' வருகிறது. கேலம் கம்பெனி 1914 முதல் 1917 வரை எடுத்த தொடர், மொத்தம் 119 படங்கள். ரயில்வே தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் திருடர்களைத் துரத்துவாள், கட்டுப்பாடில்லாமல் ஓடும் இன்ஜினை நிறுத்துவாள். முதலில் அதில் நடித்தவர் ஹெலன் ஹோம்ஸ். அவர் 1915ல் விலகியதும் ரோஸை அந்த இடத்தில் போட்டு, பெயரையும் ஹெலன் என்று மாற்றிவிட்டது கம்பெனி. கிப்சன் என்பது கணவர் ஹூட் கிப்சனின் பெயர். ஆக அவர் நட்சத்திரமான பெயரில் பாதி கம்பெனி கொடுத்தது, பாதி வீட்டுக்காரர் கொடுத்தது!

அந்தத் தொடரில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டுமாவது உங்கள் கட்டுரை விரிவாகச் சொல்லியிருக்கலாம். ஸ்டேஷன் கூரையிலிருந்து ஓடும் ரயில்மேல் குதிக்க வேண்டும். தூரத்தை அளந்து, ரயிலை நிறுத்தி வைத்து முதலில் பழகிப் பார்த்தார்கள். படம் பிடிக்கும்போது ரயில் வேகம் எடுத்து வருகிறது, இவர் தயங்காமல் குதித்துச் சரியாகப் பெட்டியின்மேல் இறங்கிவிட்டார், ஆனால் ஓட்டத்தின் வேகம் ஆளைப் பெட்டியின் ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போனது. காற்றுப் போக்கியை எட்டிப் பிடித்தார். பிடித்தவர் உடனே மேலே ஏறிக்கொள்ளவில்லை, பார்க்கிறவர்களுக்குப் பதறட்டும் என்று உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தார். நாலு சிராய்ப்போடு போயிற்று. தன் தொழில் தெரிந்த பெண்ணால்தான் அந்த நேரத்தில் அப்படி யோசிக்க முடியும்.

பிறகு சொந்தக் கம்பெனி தொடங்கினார், எடுத்த படம் முடிவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது, குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1924ல் சர்க்கஸுக்குப் போய் மறுபடியும் குதிரை ஏறினார். 1927ல் ஹாலிவுட்டுக்குத் திரும்பி டூப் போட ஆரம்பித்தார். மேரி டிரெஸ்லர், எத்தெல் பேரிமோர் மாதிரி பெரிய நடிகைகளுக்கு டூப் போட்டது இவர்தான். அடுத்து வந்த 1930கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம், இரண்டாவதாக ஓட்டுவதற்காகக் கொஞ்சக் காசில், சில நாட்களுக்குள் எடுத்து முடிக்கும் பி படங்கள் குவிந்தன, அதில் நிறையப் படங்கள் குதிரையும் துப்பாக்கியுமாக வரும் வெஸ்டர்ன் படங்கள்தான். 1936ல் வந்த ஒரு தொடர்படத்தில், அமெரிக்க மேற்குப் பகுதியில் பேர்போன சாகசப் பெண் கலாமிட்டி ஜேனாக நடித்தார். மற்றபடி ஊர்ப் பெண், கூட்டத்தில் ஒருத்தி, இப்படித்தான் பெரும்பாலும், டைட்டிலில் பெயர்கூட இருக்காது.

கடைசியாக நடித்த படம் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்'. 1962ல் வெளிவந்தது. குதிரை வண்டி ஓட்டுவதற்கு 35 டாலர் வாங்கினார், வயது 69. அந்த வயதிலும் கடிவாளத்தை நம்பி அவர் கையில் கொடுத்தார்கள் ஐயா! இதைப் போய் வீழ்ச்சி என்று எப்படி எழுத முடிகிறது? ஐம்பது வருஷம் ஒரே தொழில், ஒரே கை. நடுவில் சில வருஷம் போஸ்டரில் பெயர் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருத்தப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அவர் எலும்பைப் பணயம் வைத்துச் செய்த வேலை, திரையில் வேறொரு நடிகையின் முகத்தோடு சேர்ந்துபோனது. அந்த 119 படங்களில் இன்று மிச்சம் இருப்பவையும் மிகக் குறைவு. கட்டுரையாளர் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த இதழில் இடமிருந்தால் அவருடைய படம் ஒன்றைப் போடுங்கள். கீழே ரோஸ் வெங்கர் என்ற பெயரும் இருக்கட்டும், சவாரிக்காரி என்ற தொழிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்